அறுபத்துநாலாம் இடம்

முதலில் ஒரு சின்னத் திருத்தம் சார். தொழில் என்ற இடத்தில் ‘ஸ்நூக்கர் ஆட்டக்காரர்’ என்று மொட்டையாக எழுதியிருக்கிறீர்கள். தரவரிசையில் அறுபத்துநாலாம் இடத்து ஆட்டக்காரர் என்று போடுங்கள். அந்த எண்ணுக்காகத்தான் நான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த ஆட்டம் தெரியாது என்கிறீர்கள். கொடுத்து வைத்தவர். கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு டையைக் கட்டிக்கொண்டு, கையில்லாக் கோட்டு மாட்டிக்கொண்டு, வளர்ந்த ஆண்கள் மேசைமேல் குனிந்து பின்பக்கத்தை ஊருக்குக் காட்டியபடி நீளக் கோலால் பந்தைக் குழியில் தள்ளுவார்கள். தொலைக்காட்சியில் பார்த்தால் கனவான்கள். பக்கத்தில் நின்றால்தான் ஒரு சீசன் முழுக்கத் துவைக்காத கோட்டின் அக்குள் வாடை தெரியும்.

தரவரிசை எளிது. ஒரு போட்டியில் எத்தனை சுற்று தாண்டுகிறோமோ அத்தனைக்குப் புள்ளி. கடைசி இரண்டு வருஷப் புள்ளிகளின் கூட்டுத்தொகைதான் நம் இடம். ஒரு போட்டி இந்த வருஷம் முடிந்ததும், இரண்டு வருஷத்துக்கு முன் அதே போட்டியில் வாங்கிய புள்ளி உதிர்ந்துவிடும். அன்றைக்குத் தின்றது இன்றைய பசிக்கு ஆகாது, அவ்வளவுதான். உதிர்ந்த இடத்தைப் புதுப் புள்ளியால் நிரப்பவேண்டும். நிரப்பாதவன் சறுக்குவான். முதல் பதினாறு பேர் நேரே பெரிய அரங்குக்குப் போவார்கள். மற்றவர்கள் தட்டி வைத்துத் தடுத்த கொட்டகையில், ஒருத்தன் தும்மினால் மூன்று மேசைக்குச் சாரல் அடிக்கிற நெருக்கத்தில், தகுதிச் சுற்று ஆடுவோம். சீசன் முடிவில் அறுபத்துநாலு பேர் தொழிலில் நீடிப்பார்கள். அறுபத்தைந்தாவது ஆள், வெறும் ஆள்.

நான் ஒரு காலத்தில் பதினோராம் இடம். இந்த சீசனில் அறுபத்தைந்து. எனக்கு நேர் மேலே அறுபத்துநாலில் இருந்தது என் தங்கை புருஷன்.

எனக்குக் கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. தங்கை வீட்டில்தான் சாப்பாடு. அதனால் அவன் சாப்பிடுவதைத் தினமும் பார்க்கவேண்டியிருந்தது. ரொட்டியை டீயில் முக்கி உறிஞ்சுவான். கோல் முனையில் தேய்க்கிற நீலச் சுண்ணத் தூளோடு இருக்கிற விரலைக் காதுக்குள் விட்டுக் குடைவான், பிறகு அதை முகர்ந்து பார்ப்பான். மேசையிலும் அப்படித்தான். ஒவ்வொரு அடிக்கு முன்னாலும் பல்லிடுக்கை உறிஞ்சுகிற சத்தம். அந்தச் சத்தம் எனக்கு ஓர் இடம் மேலே இருந்தது.

“மச்சான், நாம ரெண்டு பேரும் ரயில் பெட்டி மாதிரி ஒட்டிக்கிட்டே போறோம் பாத்தீங்களா?” என்றான் ஒருநாள், வாயில் ரொட்டியோடு.

“கடைசிப் பெட்டியைக் கழட்டி விட்டுருவாங்க மாப்பிள்ளை.”

“அதான் நான் முன்னாடியே ஏறிக்கிட்டேன்.”

தங்கையும் சேர்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். நான் நியாயமான ஆள்.

சீசனின் கடைசிப் போட்டி வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அதே போட்டியில் அவன் அரையிறுதி வரை போயிருந்தான். அந்தப் புள்ளி அத்தனையும் உதிரப்போகிறது. அவன் மட்டும் ஆடாமல் இருந்தால் சறுக்கிச் சறுக்கி எழுபதுக்குப் போவான். நான் ஒரு பந்தைக்கூடத் தொடாமல் மேலே ஏறுவேன். இதில் வன்மம் எதுவும் இல்லை, கவனியுங்கள். வெறும் கழித்தல் கணக்கு.

நாங்கள் பயிற்சி செய்கிற கூடத்தில் அந்த வாரம் மேசைக்குத் துணி மாற்றினார்கள். பச்சைத் துணிக்கு அடியில் இருப்பது பலகை இல்லை, கல். ஐந்து பாளம். ஒன்றைத் தூக்க நாலு பேர் வேண்டும். நாங்களும் ஒரு கை கொடுத்தோம். அவன் இடக்கை விரல்கள் பாளத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருந்தபோது என் பக்கத்தை விட்டுவிட்டேன். இடக்கைதான் மேசைமேல் ஊன்றிக் கோலைத் தாங்குகிற கை. வியர்வையில் வழுக்கிவிட்டது என்றேன். என் கை காய்ந்துதான் இருந்தது.

இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன்.

எங்கள் ஆட்டக்காரர் சங்கத் தலைவர் மலர்க்கொத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாழ்நாளில் ஒரு பந்தைக் குழியில் தள்ளாதவர். டை மட்டும் எங்கள் எல்லோருடையதைவிடவும் பெரிது. வாசனைக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “சங்கம் ஒரு குடும்பம்மா. காயம்பட்டவரோட புள்ளி உதிராது, எடமும் நகராது. ரெண்டு சீசனுக்கு அப்படியே உறைய வெச்சிடுவோம்” என்று தங்கையிடம் சொன்னார். பிறகு என்னைக் கைகாட்டி அவளிடமே, “உங்க அண்ணனே வழிமொழிஞ்ச விதியாச்சே” என்றார்.

உண்மை. மூன்று வருஷத்துக்கு முன் எனக்குக் கழுத்துப் பிடிப்பு. என் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சங்கப் பொதுக்குழுவில் அந்த விதிக்குக் கை தூக்கினேன். கழுத்து சரியானதும் விதியை மறந்துவிட்டேன். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது.

கடைசிப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றேன். மனது சரியில்லை; வீட்டில் ஒருவர் அடிபட்டுக் கிடந்தால் யாருக்கு ஆட்டம் ஓடும்? பட்டியல் உறுதியாவதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. கட்டு மாற்ற உதவச் சொல்வாள் தங்கை. மருந்தும் சீழும் கலந்த வாடை. அவன் விரல்கள் விரல்களாகவே இல்லை. நல்ல கையால் ரொட்டியை முக்கியபடி சொல்வான்:

“பாருங்க மச்சான், படுத்துக்கிட்டே அறுபத்துநாலு. உங்களால நின்னுக்கிட்டே முடியல.”

“சும்மா இருங்க, அண்ணனைப் போய்” என்பாள் தங்கை, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

காயம்பட்டவனுக்கு இடம் உறையும். செத்தவனுக்கு அப்படி இல்லை. பெயரை எடுத்துவிட்டு, கீழே இருப்பவர்களை ஓர் இடம் ஏற்றுவார்கள். அந்த விதியை நான் வழிமொழியவில்லை.

மேசையைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று அவனே கேட்டான். கூடம் மாடியில். மத்தியானம் கூட்டிப்போனேன். புதுத் துணியைத் தடவிப் பார்த்துக் கொஞ்சம் அழுதான். மூக்கைச் சிந்தி அந்தக் கையாலேயே என் தோளைப் பிடித்துக்கொண்டான். இறங்கும்போது கைப்பிடி இடப்பக்கம். அவன் இடக்கையில் கட்டுப் போட்டிருந்தது. என் தோளிலிருந்த பிசுபிசுத்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். பிறகு தள்ளினேன். கீழே போய்ச் சேர்ந்த பிறகும் பல்லை உறிஞ்சுவது போல ஒரு சத்தம் கொஞ்ச நேரம் வந்தது. அது நிற்கும்வரை இருந்து, அப்புறம்தான் ஆளைக் கூப்பிட்டேன்.

எல்லாரும் கால் இடறியது என்றார்கள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் இரங்கல் கூட்டத்தில் தலைவர் எழுந்து, “விதியின் விளையாட்டைப் பாருங்கள், மாப்பிள்ளை விட்ட இடம் மச்சானுக்குத் தானாக அமைந்தது” என்றார். பின்வரிசையில் ஒருத்தன், “ஓசியில கெடச்ச எடம்டா” என்றான். பக்கத்து வரிசை தலையாட்டியது.

இத்தனை வருஷத்தில் நான் ஒரு புள்ளி ஓசியில் வாங்கியதில்லை சார். தானாக எதுவும் அமையவில்லை. கல்லை விட்டது நான். படியில் தள்ளியது நான். அதை எழுதிக்கொள்ளுங்கள், என் தங்கைக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அண்ணன் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டதில் அவளுக்கும் ஓர் ஆறுதல் இருக்கும்.

இப்போது அறுபத்தைந்தாம் இடத்துக்கு வந்திருக்கிறவரைப் பத்திரமாக இருக்கச் சொல்லவா என்று உங்கள் ஏட்டு கேட்டார். எனக்கு வருத்தமாகிவிட்டது. எனக்குக் கீழே இருக்கிறவன் மேல் நான் ஒருநாளும் கை வைத்ததில்லை. என்னை என்ன மனுஷன் என்று நினைத்தீர்கள்.