படத்துல அப்பாவக் காணோம்

...இல்ல தம்பி, டிஸ்க்க இப்பிடியும் அப்பிடியும் திருப்பிப் பாத்துட்டு, கீறல் இல்ல, சுத்தமா இருக்குன்னா ஆச்சா? டிஸ்க் சுத்தமாத்தான் இருக்கும்! அதுல இருக்க வேண்டிய ஆளு இல்லையே! ஒரு மனுஷனையே முழுங்கி ஏப்பம் விட்டுட்டாங்க. அப்பனக் காணோம் தம்பி, அப்பன!

காசத் திருப்பிக் கேக்க வரல, பயப்படாதீங்க. "ஆமாங்க, இது வெட்டுப்பட்ட படம்"னு ஒரே ஒரு வார்த்த. அத எங்க வீட்டம்மாகிட்ட ஃபோன்ல சொல்லணும். சொல்லிட்டீங்கன்னா நான் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருப்பேன்.

நான் யாருன்னு தெரியுமில்ல? பின்தெரு ஃபோட்டோ ஃப்ரேம் கடை. அதோ உங்க தலைக்கு மேல தொங்குதே, அது நம்ம கைவேலதான். கண்ணு விஷயத்துல என்ன ஏமாத்த முடியாது. அரை நூல் கோணலா இருந்தாலும் எனக்குச் சோறு எறங்காது.

இந்தப் படத்த வாங்கிக் குடுத்தது எம் பொண்ணு. உங்ககிட்டதான் வாங்கியிருக்கா. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு... ஆங், அவதான். அவளுக்கு என்ன கொறச்சல் சொல்லுங்க? கண்ணாடி வெட்டத் தெரியும், வர்றவங்ககிட்ட சிரிச்சுப் பேசத் தெரியும். எனக்கப்புறம் கடை அவதான்னு நெனச்சிருந்தேன். அதெல்லாம் வேணாமாம். பழைய சினிமா ஃபிலிம தொடச்சு, கிழிசல ஒட்டி, புதுசா ஆக்குற படிப்பு ஒண்ணு இருக்காம். எங்க? ரயில்ல படுத்துத் தூங்கி எந்திரிச்சாத்தான் வருமாம் அந்த ஊரு. நான் போகாதன்னு சொல்லல, நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. பேச்ச நிறுத்திட்டேன், அவ்ளோதான். ஒரு அப்பன் வேற என்னதான் செய்வான்?

அதுக்கு அவ இந்த டிஸ்க்க கொண்டாந்து சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல வச்சா. "கடைசி வர பாருங்கப்பா. பாத்துட்டு, ஸ்டேஷனுக்கு வரணும்னு தோணுச்சுன்னா வாங்க"ன்னா. அப்பிடியே உள்ள போய்ட்டா. எங்கிருந்துதான் வந்துச்சோ அந்த வீம்பு! எங்க வீட்டம்மா என்னப் பாக்குறா, நான் சுவத்தப் பாக்குறேன்.

சரின்னு போட்டேன். இத்தாலிக்காரப் படம். கடலோரமா ஒரு ஊரு. அப்பன் படகுக்குப் பெயின்ட் அடிக்கிறவரு. பையனுக்கு அப்பத்தான் மீச அரும்புது. அவனுக்குப் பெயின்ட் வாசனையே ஆகாது. பரீட்சையில கோட்ட விடுறான், மருந்துக்கடைக்காரர் பொண்ணு பின்னாடி சைக்கிள்ல சுத்துறான், குடிச்சுட்டு வந்து தெருவுல விழுறான். இதெல்லாம் ஒரு படம்! பரிசு வேற வாங்குச்சாம். அப்புறம் ஊர விட்டே போறேங்கறான். அப்பன் பேச்ச நிறுத்திடறாரு. பாத்தீங்களா? நான் மட்டும் இல்ல. ஒலகம் பூரா அதான் பழக்கம்!

கொற சொல்றேன்னு நெனைக்காதீங்க தம்பி. ஆனா மேல அட்டையில என்ன போட்டிருக்கான்? புத்தம்புது பிரதின்னு. திரையெல்லாம் பொடிமணல் தூவுனாப்ல இருக்கு! எம் பொண்ணு என்னடான்னா அது ஃபிலிமோட தோலு, அதத் தொடைக்கக் கூடாதுங்கறா. தொடைக்கத்தான படிக்கப் போற, அப்புறம் என்னன்னு கேட்டேன். சுவத்தப் பாத்துதான் கேட்டேன், பேசிட்டேன்னு ஆயிடக் கூடாதுல்ல. அப்புறம் வாய் ஒரு பக்கம் போகுது, பேச்சு ஒரு பக்கம் போகுது. இத்தாலிக்காரங்க பேசுறதுக்கு இத்தாலிக்காரங்களே பின்னாடி குரல் குடுப்பாங்களாம்!

மொத தடவ போட்டப்ப ஒரு கெழவர் படம் பூரா பேசிக்கிட்டே வந்தாரு. காதல் சீன்லயும் பேசுறாரு, சண்டையிலயும் பேசுறாரு, தும்முறாரு. பையனோட பெரியப்பா, செத்துப் போய் பக்கத்துலயே இருக்காருன்னு நான் ஒரு கணக்குப் போட்டுப் பாத்துட்டு இருந்தேன். எங்க வீட்டம்மா அழுதேபுட்டா. கடைசியில பாத்தா படத்த எடுத்த டைரக்டராம்! அவரு படத்தப் பத்தி விளக்கஞ் சொல்றதுக்குன்னு தனிக் குரலாம். நான் பட்டன மாத்தி அழுத்திட்டேனாம்... சரி, விடுங்க. அது வேற பட்டன்.

கீழ தமிழ்ல ஓடுற எழுத்து அதவிட மோசம். ரெண்டு பக்கமும் எலி கடிச்ச மாதிரி. "பிடிக்கும்"னு முடியுது. யாருக்கு யாரப் பிடிக்கும்? அந்த மருந்துக்கடைப் பொண்ணு என்ன சொன்னான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது!

இன்னும் கேளுங்க. படம் ஆரம்பிக்கும்போதே மேலயும் கீழயும் கறுப்பா ரெண்டு பட்டை. அவ்ளோ பெரிய டிவி எதுக்கு வாங்குனது, கறுப்பப் பாக்கவா? என் தொழில்ல எடம் விட்டா வர்றவங்க காறித் துப்பிருவாங்க. ஃப்ரேம்னா ரொம்பணும். அதுக்கு ஓரத்துல கொஞ்சம் நறுக்கணும்னா நறுக்கணும். எங்க கல்யாண ஃபோட்டோவையே நறுக்கித்தான் போட்டேன். மச்சான் நின்ன பக்கம் போயிருச்சு, எந் தோள் மேல அவரு கை மட்டும் இருக்கும். வீட்டுக்கு வர்றவங்க "யாரு கை?"ன்னு கேப்பாங்க. மச்சான் அஞ்சாறு வருஷம் வாசப்படி மிதிக்கல. ஆனா ஃப்ரேம் ரொம்பிருச்சா இல்லையா? அதான், ரிமோட்ட எடுத்து இந்தப் படத்தையும் பெருசாக்கி ரொம்ப வச்சுட்டேன்.

கடைசி சீனுக்கு வர்றேன். பையன் ரயில் ஏறுறான். ஜன்னல்ல தலைய நீட்டிப் பாக்குறான். பிளாட்பாரம் காலி. ஒரு ஈ காக்கா இல்ல. அவன் என்னடான்னா சிரிக்கிறான், கைய ஆட்டுறான். யாருக்கு? தூணுக்கா? முடிஞ்சுருச்சு! நான் டிவிகிட்டயே போய் நின்னு தேடுனேன் தம்பி. நெசமாச் சொல்றேன். அப்புறம் கோவம் வந்துச்சு. "அந்தப் பையனோட அப்பனே வரல, நான் மட்டும் எதுக்கு வரணும்?"னு சுவத்தப் பாத்துச் சொன்னேன். எம் பொண்ணு கதவுல நிக்கிறா. "வர்றாருப்பா. நல்லாப் பாருங்க"ன்னா. அவ கண்ணெல்லாம் செவந்திருச்சு. மறுபடியும் போட்டேன். இல்ல! "அவரு மட்டும் இருந்தாருன்னா உன் பெட்டிய நானே தலையில சொமந்துட்டு வர்றேன்"னு சபதமே பண்ணிட்டேன். எங்க வீட்டம்மா பாதிப் படத்துல தூங்கிட்டு, பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்ங்கறா!

எப்ப வண்டியா? இன்னிக்குத்தான். இந்நேரம் ரெண்டு பேரும் ஸ்டேஷன்ல ஒக்காந்திருப்பாங்க. அதான் சொல்றேன், வெட்டுப்பட்ட படம்னு சொல்லுங்க. எம்மேல தப்பில்லன்னு ஆயிரும்.

போட்டுக் காட்டுறீங்களா? தாராளமாப் போடுங்க. நேரா கடைசிக்குப் போங்க... உங்க டிவியிலயும் கறுப்புப் பட்டையா? கடைக்காரரே இப்பிடியா? ம், ரயிலு. ஏறுறான். இப்ப பாருங்க, ஜன்னல்ல தலைய நீட்டுவான், பிளாட்பாரத்துல யாருமே...

யாரு இது?

இல்ல தம்பி, அந்த ஓரத்துல. தூணுக்கு அந்தப் பக்கம். பெயின்ட் டப்பாவ கையிலயே வச்சுக்கிட்டு... மூச்சு வாங்குது பாருங்க, ஓடி வந்திருக்காரு! டப்பாவக்கூட கீழ வைக்கலயே பாவி மனுஷன்! இவரு எங்க வீட்ல இல்லையே!

ரிமோட்டக் குடுங்க. எங்க வீட்ல இருக்குற மாதிரி வைக்கிறேன். இந்தப் பட்டன்தான்... போய்ட்டாரு. மறுபடி அழுத்துனா... வர்றாரு. அழுத்துனா போறாரு. அழுத்துனா...

சிரிக்காதீங்க தம்பி. ம்ஹும், சிரிங்க. நல்லா சிரிங்க. மச்சானுக்கு அப்புறம் இத்தாலியில ஒருத்தர நறுக்கியிருக்கேன்.

அப்ப அந்த மருந்துக்கடைப் பொண்ணு சொன்னது என்னன்னு... அத விடுங்க! மணி என்ன? ஐயையோ! அது உங்க பைக்கா? கடையச் சாத்துங்க. அட சாத்துங்கங்கறேன்! இந்த வெயில்ல யாரு படம் வாங்க வரப் போறா? பெட்டிய சொமக்குறேன்னு சபதம் பண்ணியிருக்கேன் தம்பி. பெட்டி போயிருச்சு, நானாவது போகணும்ல?

ம், ஒக்காந்துட்டேன், விடுங்க! வேகமா! அவரு ஏன் தம்பி அந்த மூலையில போய் நின்னாரு? வெக்கம். எனக்குத் தெரியாதா அது? ஆனா நான் ஓரத்துல நிக்க மாட்டேன். பிளாட்பாரத்துக்கு நட்ட நடுவுல நிப்பேன், ரெண்டு கையையும் தூக்கிட்டு. என்னாட்டம் ஒருத்தன் எப்பிடி நறுக்குனாலும் எம் பொண்ணு கண்ணுக்கு நான் தெரியணும்.