துரைக்கு நேர்ந்த மொட்டை

— மொட்டையா? துரைக்கா? இன்னா சுலோச்சனாக்கா, காலங்காத்தால வெளாட்றியா?

— இதுல என்னல வெளாட்டு, பூபாலா? மெசினை எடு. தலையில இருந்து வாலு வரைக்கும் ஒரு முடி நிக்கக் கூடாது. மஞ்சத்துணியில முடிஞ்சு நாளைக்குத் திருவேற்காட்டுக்குக் கொண்டு போகணும். வேண்டுதல்.

— பத்து வருசமா நாய்ங்களக் குளிப்பாட்டினு கீறேன், நாய்க்கு வேண்டுதல்னு இப்பதான்க்கா கேக்கறேன்.

— அவன் நாயின்னு நீ சொல்லுத. உண்ணிக் காய்ச்சல் வந்து பதினோரு நாளு ஒரு வாய் சோறு எறங்கல. முப்பத்தெட்டு கிலோ இருந்த பய இருபத்தாறுக்கு வந்துட்டான். டாக்டரே கைய விரிச்சுட்டாரு. 'தாயே, இவன் எந்திரிச்சு ஓடுனா மொட்டை போடுதேன்'னு அழுதேன். எந்திரிச்சுட்டான். அடுத்த மாசம் என் மவ கார்த்திகா கல்யாணம். அதுக்கு முன்னால சொன்ன வார்த்தைய முடிச்சிரணும். இல்லேன்னா மேடையில எனக்கு மனசு ஒட்டாது.

— எந்திரிச்சதுதான் தெரிதே. வந்ததும் வராததுமா ரெண்டு காலையும் மேல போட்டு என்னைச் செவுத்துல சாச்சுட்டான். இன்னா துன்னக் குடுக்கறே?

— காலையில அஞ்சு மணிக்குக் குவார்ட்டர்ஸ் கிரவுண்டுல நாலு சுத்து ஓட்டம். வந்ததும் சோறு வைக்க மாட்டேன், வயிறு முறுக்கிக்கிடும். ஒரு மணி நேரம் ஆறட்டும்னு விட்டுட்டு, கோழிக்கறி, அவிச்ச முட்டை, பூசணிக்கா, ரெண்டு கை சோறு. உப்பு கெடையாது. சாயந்தரம் அரை மணி நேரம் பந்து எறியணும். என் தோள்பட்டை கழண்டாலும் அவன் விட மாட்டான்.

— அக்காங்! நான் போற பத்து ஊட்டுல ஒம்போது ஊட்டுல தயிர் சோறும் பிஸ்கோத்தும்தான். ஜெர்மன் ஷெப்பர்ட வாங்கிப் பால்கனில கட்டிட்டு, ஏன் சோபாவக் கடிக்குதுன்னு என்னாண்ட கேப்பாங்க. நீ கில்லிக்கா. அது சரி, அஞ்சு மணிக்கு நீயேவா எந்திரிக்கறே?

— எங்க! எங்க வீட்டுக்காரரு ஃபேக்டரி சங்குக்கு எந்திரிப்பாரு, நான் துரை இழுக்க இழுப்புக்கு எந்திரிப்பேன். கட்டில்ல இருந்து என் சடை தொங்குதா, அந்த நுனியக் கவ்விக்கிட்டு ஒரே இழு.

— சடையாக்கா அது! முட்டி வரைக்கும் வெச்சினு கீறே. கல்யாணத்துல பொண்ண உட்டுட்டுப் பொண்ணோட அம்மாவத்தான் பாக்கப் போறாங்க.

— பாக்கட்டுமே! ஆவடி பூராம் தேடுனாலும் அம்பது வயசுல சவுரி வைக்காம மேடை ஏறுத பொம்பள நான் ஒருத்திதான். சம்பந்தியம்மா இப்பமே கேட்டுட்டா, என்ன எண்ணெ தேய்க்கீயன்னு. சரி, பேச்ச மாத்தாத. மெசினை எடு.

— எடுக்க மாட்டேன்க்கா.

— ஏன், கடிச்சிருவான்னு பயமா?

— யாருக்கு, எனக்கா? ராட்வீலர் வாயில கைய உட்டுப் பல்லு தேச்சவன் நானு. இவன் ஒடம்புல ரெண்டு அடுக்கு முடி கீது. மேல முரட்டு முடி, உள்ள பஞ்சு மாரி ஒண்ணு. மேல கீறதுதான் வெயில வாங்கிக்குது. அத்த வழிச்சுட்டு நம்ம ஊரு வெயில்ல ஓட வுட்டா தோலு வெந்துரும். திரும்ப மொளைக்கறதும் திட்டுத் திட்டாத்தான். பட்டாபிராம்ல ஒரு ஊட்டுல என் பேச்சக் கேக்காம வேற ஆள வெச்சு வழிச்சாங்க. ரெண்டு வருசமாச்சு, முதுவு இன்னும் சொட்டையாவே கீது. பகல்ல வெளிய வராது பாவம்.

— வழிச்சா குளுமைன்னுல்லா நெனச்சேன்.

— அல்லாரும் அப்டித்தான் நென்ச்சினு கீறாங்க. பூமுடி குடுத்துரேன். வால்ல ரெண்டு கத்தரி, வேல முடிஞ்சுது.

— மொட்டைன்னு வேண்டிட்டுப் பூமுடி குடுக்கவா? அம்மன் என்ன அரை நாயையா பொழைக்க வச்சா?

— சர்தான். அப்ப இத்தப் பாரு. சீப்ப ஒரு இழுப்பு இழுத்தேன், உள்முடி எவ்ளோ வருது! ஒரு மணி நேரம் சீவுனா தலகாணி ஒற ரொம்பிரும். அத்தனையும் துரை முடிதான். துணில கட்டிக் குடுத்துரு.

— ஏ துரை, ஆடாம நில்லுல! அது உதிருத முடில்லா பூபாலா. தெனமும் வாரியல் வச்சுக் கூட்டித் தள்ளுதேன். நமக்கு வேண்டாங்கத அள்ளிக் குடுத்தா அதுக்குப் பேரு காணிக்கையா?

— உன்னாண்ட பேசி ஜெயிக்க முடியாது. ஆனா ஒண்ணு கேட்டுக்க. நான் வழிக்க மாட்டேன். நீ வேற ஆள இட்டாந்தேன்னா இந்த வாசப்படிலயே குந்திக்குவேன், உள்ள வுட மாட்டேன். மொட்டைன்னா இன்னாக்கா? நாம ஆசையா வெச்சினு கீறத எடுத்துக் குடுக்கறது. இவனுக்கு முடி மேல இன்னா ஆசை? கண்ணாடி பாக்கறானா? எண்ணெ தடவறானா?

— ஏன்ல நிறுத்திட்ட? சொல்லு.

— அவ்ளோதான்க்கா. கோச்சுக்காத. மனசுல பட்டத சொல்லிட்டேன்.

— கோவம் என்ன கோவம்? நீ சொன்னது சரிதான். வாயில்லாதவன் தலையில என் வேண்டுதலக் கட்டி வைக்கப் பாத்தேன். கேட்டது அவனா? நான்லா கேட்டேன்.

— அப்டி வா வழிக்கு! மெசினப் பையில போட்டுரட்டா?

— போடு. கல்யாண வீட்டு நாயி, நல்லாச் சீவிக் குளிப்பாட்டி விடு. நாளைக்குத் திருவேற்காட்டுல நான் உக்காந்துக்கிடுதேன். திங்கக்கெழம காலையில இழுக்கதுக்குச் சடை இருக்காது, என்னை எப்படி எழுப்பன்னு இவன்தான் யோசிக்கணும்.