உள்ளான் மாதிரிதான்

கௌதாரியை மிதமான தணலில்தான் சுட வேண்டும், ஐயா. ஜுவாலை பட்டால் தோல் கருகிவிடும், எலும்போரம் ரத்தம் அப்படியே நிற்கும். நீங்கள் மாமிசம் தொடாதவர் என்று ஸ்டேஷன் ரைட்டர் சொன்னார். அதனால் விவரமாகவே சொல்கிறேன். அவரை அவசரப்படாமல் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

என் பெயர் அசரியா. சித்தூர் மிஷன் சபையைச் சேர்ந்தவன். திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் நடுவே, காட்டோரம் இருக்கிற ஜங்கிள் இலாகா பங்களாவில் சமையற்காரன். என் மனைவி கிருபாவதியைக் காலரா கொண்டுபோன கையோடு அங்கே வேலைக்கு வந்தேன். தலை நரைத்ததும் அங்கேதான். துரைமார் வருவார்கள், வேட்டையாடுவார்கள், சாப்பிடுவார்கள், போய்விடுவார்கள். அவர்கள் சாப்பிடும்போது நான் நாற்காலிக்குப் பின்னால் நிற்பேன். அவர்கள் எழுந்த பிறகு சமையல்கட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். காவல்காரன் செங்கல்வராயன் நல்ல மனுஷன்தான், ஆனால் என் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டான். அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. மழைக்காலத்தில் யாரும் வராத மாதங்களில் நான் வாய் திறந்து சொல்வது சாப்பாட்டு ஜெபம் ஒன்றுதான். ஒற்றைத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து 'எங்கள் ஆகாரம்' என்று சொல்ல வேண்டும். 'எங்கள்' என்கிற இடத்தில் நாக்கு தடுக்கும்.

போன ஐப்பசியில் ரேஞ்சர் ஞானசிங் வந்தார். சித்தூர்ப் பிள்ளை, எங்கள் சபைதான். என் தம்பி வயதுகூட இருக்காது. முதல் நாள் தட்டு வைத்துவிட்டு வழக்கம்போலப் பின்னால் நின்றேன். அவர் திரும்பிப் பார்த்து இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இன்னாண்ணே, முதுகுக்குப் பின்னாடி நின்னுக்கினு இருந்தா எனக்கு சோறு எறங்குமா? வா, குந்து. ஒண்ணா துன்னலாம்."

"வேணாங்க ஐயா. நான் உள்ள போயி..."

"உள்ள யாரு இருக்கா உனக்கு? குந்துண்ணே."

அன்றைக்கு ஜெபத்தை நான்தான் சொன்னேன். நாக்கு தடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அவர் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். அவ்வளவு நல்ல மனுஷன்.

அவருக்குச் சுட்ட பறவை என்றால் உயிர். சித்தூர்க் கொல்லனிடம் சொல்லி ஓர் இரும்புக் கிராதி செய்துகொண்டு வந்தார். நான் தணலைத் தள்ளிவிடுவேன், அவர் பக்கத்தில் குந்திக்கொண்டு உப்பும் மிளகும் குழைத்த நல்லெண்ணெயைத் தடவுவார். உள்ளான் குருவியைத் துரைமார் குடல் எடுக்காமல் முழுசாகச் சுடச் சொல்வார்கள். அதையும் ஒரு நாள் செய்து கொடுத்தேன். முகம் சுளித்துக்கொண்டே வாயில் போட்டவர், பிறகு அதைத்தான் கேட்பார். வேறு எந்தப் பறவையையும் அப்படிச் சுடக் கூடாது. குறிப்பாகப் பச்சைப்புறாவை.

பங்களாவுக்குப் பின்னால் எட்டி மரங்கள் இருக்கின்றன. பழுக்கும்போது பச்சைப்புறா கூட்டமாக வந்து விழும். பழத்தைத் தின்கிற புறாவுக்கு ஒன்றும் ஆவதில்லை. அதன் வயிற்றில் கிடப்பதைத் தின்றவர்களுக்குத்தான் ஆகும். முன்பு ஒருமுறை புறாக் குடலைப் புறக்கடையில் எறிந்துவிட்டேன். பங்களா நாய் அதைத் தின்று, விறைத்துப் போய்ச் செத்தது. அதிலிருந்து குடலைக் குழி தோண்டித்தான் புதைப்பேன். நான் கவனமான ஆள், துரைமாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மாசியில் அவருக்கு மாற்றல் வந்தது.

"அண்ணே, கோயமுத்தூருக்குப் போட்டுட்டாங்க. திங்கக்கெழம கெளம்பணும். அங்க ஒரு நல்ல ஆளாப் பாத்து வெச்சிக்கணும். உன்னை மாதிரி சுடறவன் கெடைக்கணுமே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆள் என்றால் வேலைக்காரன். நானும் வேலைக்கு இருக்கிறவன்தான். அந்த வார்த்தையை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்னால் போய் இரண்டு பச்சைப்புறா அடித்துக்கொண்டு வந்தார். முதல் புறாவை நான் கிராதியில் வைத்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"குடலோடவா சுடற? இது புறாவாச்சேண்ணே."

"உள்ளான் மாதிரிதாங்க ஐயா. தொரைங்க இப்பிடித்தான் துன்னுவாங்க."

நான் அவரிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

சாக வேண்டுமென்று நினைக்கவில்லை. உடம்புக்கு வந்து படுத்தால் மாற்றல் தள்ளிப்போகும். கஞ்சி வைத்துக் கொடுப்பேன், துணி துவைத்துப் போடுவேன். அதோடு, விசுவாசமுள்ளவனை விஷம் ஒன்றும் செய்யாது என்று எங்களுக்குச் சிறுவயதிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நாய் ஜெபம் பண்ணவில்லை. இவர் கண்ணை மூடி, கைகூப்பி, ஆமென் சொல்லிவிட்டுத்தான் தட்டில் கை வைத்தார். கோயமுத்தூர் போவதுதான் கர்த்தருடைய சித்தம் என்றால் ஒன்றும் ஆகாமல் எழுந்து போகட்டும் என்று கர்த்தர் கையிலேயே ஒப்படைத்துவிட்டேன்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது கழுத்து இழுக்கிறது என்றார். அப்புறம் தாடை கட்டிக்கொண்டது. அப்புறம் உடம்பே வில்லாக வளைந்தது. சின்னச் சத்தம் கேட்டாலும் தூக்கிப் போட்டது, அதனால் கதவைச் சாத்தினேன். அவர் கையை விடவே இல்லை. செங்கல்வராயனைத் திருப்பதிக்கு டாக்டரிடம் அனுப்பலாமா என்று தோன்றியது. அனுப்பினால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் காட்டுப் பாதையின் குலுக்கலை அவர் உடம்பு தாங்கியிருக்காது. அதனால் அனுப்பவில்லை.

எல்லாம் அடங்கிய பிறகு முகத்தைத் துடைத்து, தலை வாரிவிட்டு, நாற்காலியில் உட்கார வைத்தேன். மறுநாள் பெட்டி தூக்க வந்த செங்கல்வராயன் எங்களைப் பார்த்தது மேஜையில்தான். கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினான். மெதுவாக வந்து என்னிடம் கேட்டிருக்கலாம்.

ஒரே மேஜை, ஒரே ஜெபம், நீயும்தானே புறா சாப்பிட்டாய், உனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்கிறீர்கள். என் விசுவாசம் பெரியது என்று நான் சொல்ல வரவில்லை. என் புறாவை மட்டும் அறுத்து, குடலை எடுத்துப் புதைத்து, இரண்டு தரம் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தேன். அவர் படுத்துவிட்டால் கூட இருந்து பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டாமா, ஐயா.