பாயில் இருக்க ஒரு ஜீன்ஸ்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று போகும் பஸ்ஸில், இந்தப் புழுக்கத்தில், இருவர் இருக்கையில் மூவர் இருந்தோம். நடுவில் இருந்த இளைஞன் தன் கூட்டாளியிடம் திடீரென்று சொன்னான்:

"மச்சான், கடைக்குள்ளயே சம்மணம் கட்டி இருந்து பாத்துத்தான் இந்த ஜீன்ஸ எடுத்தன். மெல்லிசு, லூசு, வேர்வைக்கு ஒட்டாது."

"போன கிழமை பொண்ணு வீட்ட இறுக்கமான ஜீன்ஸோட போய், பாயில, எல்லாரும் சேந்து சாப்பிடுற சஹன் தட்டைச் சுத்தி இருக்க ஏலாம, பசிக்கல்ல எண்டு நிண்ட ஆள்தானே நீ!"

"ஓம்டா. எங்கட சோறு புடிக்கல்லயாக்கும் எண்டு அவட உம்மா கோவிச்சிட்டா. இண்டைக்கு அவங்களோட பாயில இருந்து சாப்பிட்டாத்தான் கலியாணம்."

காலை மடித்தும் காட்டினான். முழங்கால் என் விலாவில் இரண்டு முறை இடித்தது. அப்போது அந்தப் பெண்ணே போனில் அழைத்தாள். அவன் துள்ளி எழுந்தான்.

"என்ன, ஜீன்ஸ் கதை தெரிஞ்சு உம்மா எனக்காக மேசை கதிரை போட்டிருக்காவா? ஐயோ, எடுக்கச் சொல்லு புள்ள! பாய விரிக்கச் சொல்லு!"