பழுதுபார்த்து அனுப்பிய கண்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் நம் தொழிற்சங்கத் தலைவர் நார்ம் கெட்டில்பி அவர்களே! இந்த ஆலையில் உழைத்து ஓய்ந்த பெரியவர்களே! பிள்ளையை மடியிலும் பயத்தை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! முதல் ஷிப்ட் முடித்துச் சாப்பிடாமல் ஓடி வந்த தோழர்களே! பின்வரிசையில் கைகட்டி என்னை முறைத்துக்கொண்டிருக்கும் டாரில் அவர்களே! உங்கள் அனைவருக்கும் கொலீன் வெர்ஹூவனின் பணிவான வணக்கம்.

நாம் செய்வது என்ன? ஆளில்லா விமானத்தின் அடியில் மாட்டும் கேமரா. மூன்று கிலோமீட்டர் உயரத்திலிருந்து மனிதனின் மீசையைக் காட்டும் கேமரா. தன் மக்களையே வேட்டையாடும் அந்த வெளிநாட்டு அரசுக்கு இனி ஒன்றும் விற்கக் கூடாது என்று போன வசந்தத்தில் தலைநகர் ஒட்டாவாவிலிருந்து நம் அரசாங்கம் ஆணையிட்டது. நாமும் கைதட்டினோம். அந்த ஆணையின் அடியில் இருந்த ஒற்றை வரியை நம்மில் யார் படித்தோம்? முன்பே விற்றதைப் பழுதுபார்த்துத் திருப்பி அனுப்பலாமாம்! விற்றால் வினையாம், செப்பனிட்டால் சேவையாம்! வாசலை அடைத்தவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். பத்தொன்பது ஆண்டுகளாக நான் உட்காரும் பழுதுபார்க்கும் மேசைதான் அந்த ஜன்னல்.

பிப்ரவரியில் ஒரு பெட்டி வந்தது. திருகைத் தொடும் முன், கேமராவில் பதிந்த கடைசி நிமிடத்தைப் போட்டுப் பார்ப்பது நம் வழக்கம். குறை என்னவென்று அதில்தானே தெரியும்? போட்டேன். ஒரு பாலம். நின்றுபோன ஒரு பேருந்து. மக்கள் ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். பக்கத்து மேசை லோர்னா எட்டிப் பார்த்தாள்.

"எடது பக்கம் உதறுது பாரு கொலீன்."

"பேரிங் போயிருக்கும்."

"அந்தப் பொம்பள ஏன் வெள்ளத்துணிய ஆட்டுறா?"

"யாருக்குத் தெரியும்? காபி ஆறுது, குடி."

இதுதான், அவையோரே, நான் பேசிய பேச்சு! இருவரும் பார்த்தோம், படம் ஆடுவதை மட்டும் பார்த்தோம். கேமரா ஆடாமல் திரும்ப உதவும் அந்தப் பேரிங்கை மாற்றினேன். 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்துச் செய்தித்தாளில் அதே பாலம். அதே பேருந்து, எரிந்த கூடாக. அந்த அரசின் குண்டுக்கு இருபத்தாறு பேர் பலி. அது நான் தொடும் முன்பே நடந்தது என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு? தடுமாறிய கண்ணைத் தடுமாறாமல் செய்து அனுப்பியது யார்? நான்தான்!

இப்போது என் மேசையில் இன்னும் பதினோரு பெட்டிகள். வெள்ளிக்கிழமை லாரி வருகிறது. கையெழுத்திட மாட்டேன் என்றேன். மேலாளர் என்ன சொன்னார் தெரியுமா? "கொலீன், அரசாங்கமே அனுமதிச்சிருக்கு. நீ பேரிங்கப் பாரு, பாலத்தப் பாக்காத."

என்ன டாரில்? எழுந்து நின்றே கேள், ஒலிபெருக்கி வேண்டாம், உன் குரல் போதும்!

"நீ கையெழுத்துப் போடலன்னா ஆலைய இழுத்து மூடிருவான். எம் புள்ளைங்களுக்கு நீயா சோறு போடுவ?"

நியாயமான கேள்வி. சிரிக்காதீர்கள், நியாயமான கேள்வி! என் மகனும் இதே ஆலையில்தான் வேலை செய்கிறான். மூட மாட்டார்கள் என்று உனக்கு உறுதி சொல்ல என்னால் முடியாது.

"நம்ம இல்லன்னா வேற ஊர்க்காரன் பாத்துட்டுப் போறான்!"

பார்க்கட்டும்! அவன் கையெழுத்துக்கு அவன் பதில் சொல்லட்டும். நம் கையெழுத்துக்கு நாமல்லவா பதில் சொல்ல வேண்டும்?

நான் ஒருத்தி மறுத்தால் பெட்டி லோர்னாவிடம் போகும். லோர்னா மறுத்தால் டாரிலிடம் போகும். சான்றளிக்கும் நாற்பது பேரும் மறுத்தால் எங்கே போகும்? ஒட்டாவாவுக்குப் போகும்! அந்த ஒற்றை வரியை எழுதியவர்களின் மேசைக்கே போகும்! அந்த வரியை அவர்கள் அடித்து நீக்கும்வரை யாரும் கையெழுத்திடுவதில்லை என்பதே என் தீர்மானம்.

தலைவர் மணியைத் தொட்டுவிட்டார், முடிக்கிறேன். பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி, பொறுமையிழந்து கேட்டவர்களுக்கும் நன்றி. எனக்கு எதிராக வாக்களிப்பவர்களோடும் நாளை ஒரே மேசையில்தான் சாப்பிடுவேன். வணக்கம்.

தீர்மானத்துக்கு ஆதரவாக முதல் கை என்னுடையது. பின்வரிசைவரை அது தெரிகிறதா? தெரியட்டும். கையைக் கீழே இறக்க மாட்டேன்.