இன்னும் மூன்று பகுதி பாக்கி

துபாய் தேராவில் நல்ல நூடுல்ஸ் வேண்டுமென்றால் ஆலியா வேலை செய்யும் கடைக்குப் போங்கள். மாவைக் கையாலேயே இழுத்து நூலாக்குவாள். அதைப் பார்க்கத்தான் நானும் முதலில் போனேன். இழுத்துக்கொண்டே அவள் முணுமுணுத்த பாட்டில் என் தட்டு ஆறிப்போனது.

பதினெட்டு வருடமாக, சீனாவில் இருக்கும் அவளுடைய உய்குர் மக்களின் இசையை ஆராய்கிறேன். இங்கே ஒரு கல்லூரியில் கற்பிக்கிறேன். அவள் பாடியது அவளுடைய அம்மா ஊர்க் கல்யாணப் பாட்டு. ஒன்பது பகுதி. எந்த நூலகத்திலும் இல்லை. லீவு நாளான ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கு வந்து பாடினாள். சாம்பார் சாதம் அவளுக்குப் பிடித்துவிட்டது. என்னை "அக்கா" என்று கூப்பிடக் கற்றுக்கொண்டாள்.

கல்லூரிக் கச்சேரிக்கு அனுமதி எடுக்க அவள் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருந்தேன். ஆறு பகுதி முடிந்த வாரம், இஸ்தான்புல்லில் இருக்கும் அவள் அண்ணன் தன்னோடு வந்துவிடும்படி டிக்கெட் அனுப்பினார். பாஸ்போர்ட்டைக் கேட்டாள். ஆபீஸில் இருக்கிறது என்றேன். அடுத்த வாரம், காணவில்லை என்றேன். அவளும் என்னோடு சேர்ந்து தேடினாள். சோபாவுக்கு அடியிலெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தாள், பாவம்.

என் கணவர் சீதாராமன்தான் டிராயரில் பார்த்துவிட்டார்.

"ஜெயா, இது அந்தப் பொண்ணோடதுதானே? குடுத்துட வேண்டியதுதானே?"

"குடுக்கலாம். இன்னும் மூணு பகுதி பாக்கி இருக்கு."

"நல்ல கஃபீல்தான் போ. பாஸ்போர்ட்டப் பிடுங்கி வெச்சுக்கிட்டு."

"எந்த கஃபீல் முதலாளி உக்கார வெச்சு சாம்பார் சாதம் போடறான்?"

இருவரும் சிரித்தோம். அவர் டிராயரை மூடிவிட்டார்.

ஏழாவது பகுதி ஒரு மாதத்தில் முடிந்தது. எட்டாவதில் வரிகள் மறந்திருந்தன. நான் அவசரப்படுத்தவில்லை. மார்ச்சில் பாஸ்போர்ட் காலாவதியாகும் என்று எனக்குத் தெரியும். உய்குர்களுக்குச் சீனத் தூதரகம் புதுப்பித்துத் தராது, ஊருக்குத்தான் போகவேண்டும், போனால் பிடித்து அடைத்துவிடுவார்கள், திரும்ப முடியாது என்று அவள் பயந்ததும் தெரியும். ஏப்ரல் முதல் ஞாயிறு, டிராயருக்குப் பின்னால் கிடைத்ததாகச் சொல்லிக் கொடுத்தேன். என்னைக் கட்டிக்கொண்டாள். "தேங்க்ஸ் அக்கா, தேங்க்ஸ்" என்றாள். பிறகுதான் தேதியைப் பார்த்தாள்.

ஆம், வேண்டுமென்றே செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். புத்தகம் நன்றாக வந்திருக்கிறது. முன்னுரையில் முதல் நன்றி அவளுக்குத்தான்.

ஒன்பதாவது பகுதி, மணப்பெண் பிறந்த வீட்டைவிட்டுக் கிளம்பும் பாட்டு. அதை அன்றே பாடினாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. ஒரு சுரம்கூட விலகவில்லை. எங்கள் வீட்டில் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.