மூச்சு நீக்கிய பாட்டு

பழைய லேப்டாப்பைக் காயலான் கடையில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. அவர்களுக்காகத்தான் ஒரு லினக்ஸ் இயங்குதளத்தைச் செதுக்கினேன். பாட்டுப் பதிவுக்கு மட்டும் என்று, தேவையில்லாததை எல்லாம் கழித்து, ஒரு பென்டிரைவில் அடக்கினேன். நாவலூரில் வாரமெல்லாம் அடுத்தவன் கம்பெனிக்கு உழைக்கிறவனுக்கு இது ஒரு சந்தோஷம்.

அதன் சூட்சுமம் எளிது. பதிவாவது எல்லாம் கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவில்தான் நிற்கும். வேகத்துக்குக் காரணமே அதுதான். அணைக்கும்போது, சேமிக்கட்டுமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்கும். ஆம் என்று சொன்னால் மட்டும் பென்டிரைவில் எழுதிக்கொள்ளும், இல்லையென்றால் அத்தனையும் போய்விடும்.

முட்டுக்காட்டில் எங்கள் அடுத்த வீடு ஏசுதாஸ் அண்ணன். அவர் மகள் ஜெனிஃபர் என்னைச் சித்தப்பா என்பாள். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பெண் கோயிலுக்குப் புறப்படும் முன், பெற்ற தகப்பன் அவள் தலையில் கை வைத்து ஆசீர்வாதப் பாட்டைப் பாட வேண்டும். ஜெனிஃபருக்கு அடுத்த மாதம் கல்யாணம். ஆனால் அண்ணனுக்குத் தொண்டையில் புற்று. திங்கட்கிழமை செங்கல்பட்டில் குரல்வளையையே எடுப்பதாக இருந்தது.

அதனால் சனிக்கிழமை காலை அவள் லேப்டாப்பில் என் பென்டிரைவைச் செருகிப் பதிவு செய்தேன். ஒரு பாட்டுக்கு நான்கு மணி நேரம் ஆனது. வலியில் அவர் கண்ணில் நீர் வழிந்ததை மறுக்கவில்லை. ஆனால் ஹெட்போன் மாட்டியிருந்தவன் நான். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் சளி கொழகொழக்கும். நாக்கில் எச்சில் ஒட்டிப் பிரியும். காதுக்குள்ளேயே யாரோ துப்புவது போல இருந்தது. காலையில் தின்ற இட்லி தொண்டை வரை வந்து நின்றது.

பதிவு முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து சுத்தம் செய்தேன். சளி, எச்சில், மூச்சு, எல்லாவற்றையும் எடுத்தேன். முத்து மாதிரி வந்தது. என் போனிலும் ஒரு பிரதி ஏற்றிக்கொண்டு, ஜெனிஃபருக்குப் போட்டுக் காட்டினேன்.

அவள் முகம் சுருங்கியது. "இன்னா சித்தப்பா இது? எங்கப்பா மூச்சையே காணோம். இது எங்கப்பாவே இல்ல. மொதல்ல பாடுனதையே குடு."

சரி என்றேன். அவள் கண்ணெதிரிலேயே சுத்தம் செய்ததை நீக்கிவிட்டு, பழையதைப் போட்டேன். அந்த அசிங்கத்தை மூன்று முறை கேட்டாள். மூச்சு வாங்கும் இடத்தில் எல்லாம் சிரித்துக்கொண்டே அழுதாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

பிறகு எனக்கு டீ போட உள்ளே போனாள். அணைக்கும்போது கேட்கும் கேள்விக்கு நிரலில் ஒரே ஒரு வரிதான். அதை எடுத்துவிட்டேன். கனத்தைக் குறைப்பதுதானே என் வேலை.

டீயைக் குடித்துவிட்டு, "ஆஃப் பண்ணிடும்மா" என்றேன். அவள்தான் பொத்தானை அமுக்கினாள். என் விரல் படவில்லை.

ஆபரேஷன் முடிந்து அண்ணன் வீட்டுக்கு வந்த அன்று, நான் விட்டுவந்த பென்டிரைவைச் செருகித் திறந்து பார்த்திருக்கிறார்கள், ஒன்றும் இல்லை. என்னைக் கூப்பிட்டார்கள். நானும் ஒரு மணி நேரம் தேடினேன். ஜெனிஃபர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு, தானே தப்பாக அணைத்துவிட்டதாக அழுதாள். நான் குறுக்கே பேசவில்லை. "ஆனைக்கும் அடி சறுக்கும், வுடு தம்பி" என்று ரெஜினா அண்ணி என்னைத் தேற்றினார். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கழுத்து ஓட்டையில் காற்று புஸ்புஸ்ஸென்று போய் வந்தது. வீட்டுக்கு வந்து கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

கிளம்பும்போது அண்ணி ஒன்றுதான் கேட்டார். "வேற எதுலயாச்சும் அவரு பாடுனது இருக்குதா தம்பி?"

இல்லை என்றேன்.

கல்யாணம் முடிந்துவிட்டது. அண்ணன் கை வைத்தார், பாட்டு இல்லை. சுத்தம் செய்த பிரதி என் போனில்தான் இருக்கிறது. தினமும் பஸ்ஸில் கேட்டுக்கொண்டே நாவலூர் போகிறேன், அப்படி ஒரு அழகான குரல். அண்ணியிடம் நான் பொய் சொன்னதாக நீங்கள் நினைக்கக்கூடாது. அது அவள் அப்பாவே இல்லை என்று ஜெனிஃபர்தானே சொன்னாள்.